கவுன்சலிங்குக்கு வருபவர்களிடமே ஆய்வுக்குக் கையெழுத்து வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: “நான் கவுன்சலிங் கொடுப்பவர்களையே என் ஆய்வேட்டுக்குப் பங்கேற்பாளர்களாக எடுத்துக்கொள்ளலாமா? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும்தானே?”

போதாது. அப்படியொரு படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் என்ற முறையில் சொல்கிறேன். இன்று நானும் கவுன்சலர்தான், ஆய்வும் செய்கிறேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். கடைசி செமஸ்டராக இருக்கும். கைடு “டேட்டா எங்கே” என்று விரட்டுவார். வெளியே ஆள் தேடினால் யாரும் வாய் திறப்பதில்லை. உங்கள் அறைக்கு வாராவாரம் வந்து மனதைக் கொட்டுகிறவர்களோ கண்ணெதிரே இருக்கிறார்கள். கேட்டால் அவர்கள் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்? சொல்ல மாட்டார்கள். பிரச்சினையே அதுதான்.

நான் கல்லூரியில் படிக்கும்போது என் தம்பி விபத்தில் இறந்துபோனான். அதன்பிறகு ஒரு கவுன்சலரிடம் போய்வந்தேன். திறமைசாலி, நல்ல மனுஷி. நான் மறுபடி தூங்கியதற்கும் பரீட்சை எழுதியதற்கும் அவர்தான் காரணம். பழைய பகையில் எழுதுகிறாள் என்று யாராவது கிளம்புவார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் செஷன் முடிகிற நேரம், நான் அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேசைமேல் ஒரு தாளை நகர்த்தினார். “துக்கத்தைப் பத்தி ஒரு ஆய்வு பண்றேன்மா. பேரெல்லாம் வராது. இஷ்டம் இருந்தா மட்டும் போடு.”

அவர் வற்புறுத்தவேயில்லை. ஆனால் அடுத்த வாரமும் அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டியவள் நான். மறுத்தால் அவர் முகம் வாடுமோ, இவ்வளவு செய்தவருக்கு இதைக்கூடச் செய்யாமல் இருப்பதா என்ற நினைப்புதான் இருந்தது. தாளில் இருந்த ஒரு வரியும் கண்ணில் ஏறவில்லை. போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன்.

என் சித்தி மகளும் உளவியல் படித்தாள். ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த அன்று ராத்திரி எனக்கு போன் செய்தாள். “அக்கா, செத்துப்போன தம்பியோட நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்ற பொண்ணுன்னு ஸ்லைடுல போட்டாங்க. அது நீயா?” என் பெயர் அதில் இல்லை. வயதைக்கூட மாற்றியிருந்தார்கள். ஆனால் கையில் காசில்லாத ஒரு மாதம் அந்த எண்ணுக்கு இவளைத்தான் ரீசார்ஜ் செய்யச் சொல்லியிருந்தேன். அது எப்படியோ அம்மா காது வரைக்கும் போயிற்று. “என்கிட்ட சொல்லாதத யார்கிட்டயோ போய் சொன்னியா?” என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப்பின் நான் அந்த கவுன்சலரிடம் போகவில்லை. இன்னும் சில மாதங்களாவது போயிருக்க வேண்டியது.

“ஒரு ஆளின் அனுபவத்தை வைத்துப் பொதுமைப்படுத்தாதே” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான்சி ஷெப்பர்-ஹியூஸ் என்ற மானிடவியலாளர் அயர்லாந்தின் ஒரு கிராமத்தில் மனநோய் பற்றி ஆய்வு செய்து 1979இல் புத்தகமாக வெளியிட்டார். கிராமத்துக்குப் புனைபெயர்தான் வைத்தார். ஊர்க்காரர்கள் தங்களைத் தாங்களே அடையாளம் கண்டுகொண்டார்கள். 1999இல் அவர் திரும்பிப் போனபோது ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். பெயரை மறைப்பது முன்பின் தெரியாதவர்களிடமிருந்துதான் காப்பாற்றும். வீட்டு ஆட்களுக்கு ஒரு சின்ன விவரம் போதும்.

இன்னொன்று, சிகிச்சையும் ஆய்வும் ஒரே ஆளிடம் நடக்கும்போது வருகிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பால் ஆப்பல்பாம் என்ற மனநல மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1982இலேயே இதை எழுதினார்கள். எந்தச் சிகிச்சை யாருக்கு என்பது குலுக்கல் முறையில் முடிவாகிறது என்று விளக்கிச் சொன்ன பிறகும், தனக்கு எது நல்லதோ அதைத்தான் டாக்டர் தருகிறார் என்று மனநல ஆய்வுகளில் இருந்த நோயாளிகள் பலர் நம்பினார்கள். உங்களிடம் வருபவரும் அப்படித்தான் நம்புவார். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தன் நன்மைக்கே என்று நினைத்துப் பதில் சொல்வார்.

அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களை 1932 முதல் 1972 வரை சிகிச்சை தராமலே கவனித்துவந்தார்கள். அது வெளியே வந்த பிறகு உருவானதுதான், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு நெறிமுறை சொல்லும் 1979இன் பெல்மாண்ட் அறிக்கை. சுலபமாகக் கிடைக்கிறார்கள், மறுக்கும் நிலையில் இல்லை என்பதற்காகவே ஒரு கூட்டத்தாரை ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கிறோமா என்று பார்க்கச் சொல்கிறது அது. உங்களை டஸ்கீகியோடு ஒப்பிடுவதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வி உங்கள் அறைக்கும் பொருந்தும் என்றுதான் சொல்கிறேன்.

ஆய்வே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. வலியைப் பற்றிக் கேட்பதே ஆபத்து என்பதையும் ஏற்க மாட்டேன். மேட்லின் கூல்ட் என்ற ஆய்வாளரின் குழு 2,000க்கும் அதிகமான பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு 2005இல் வந்தது. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டதால் அவர்களின் மனவேதனை கூடவில்லை என்பதுதான் அதன் முடிவு. தாராளமாகக் கேட்கலாம். யார் கேட்கிறார்கள், கேட்ட பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை ஆன்லைன் படிவமாக்கி எல்லாக் குழுக்களிலும் பரப்புகிறார்களே, அதன் ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு ஒருவர் “கிட்டத்தட்ட தினமும்” என்று ராத்திரி டிக் செய்தால் யார் பார்ப்பார்கள்? செமஸ்டர் முடிவில் எக்ஸெல்லில் சராசரி போடும்போதா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவதற்கு ஜூனியர் மாணவர்களை உட்கார வைக்கிறார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஹெட்போனில் ஒருவர் விம்மி அழும் அதே நிமிடத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, சொல் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பங்கேற்பாளரின் பாதுகாப்புக்குப் படிவம் இருக்கிறது, எழுதுகிறவளுக்கு ஒன்றும் இல்லை. கட்டுரை வெளியாகும்போது நன்றிப் பகுதியில்கூட அவள் பெயர் இருக்காது, ஒலிப்பதிவை ஒரு நிமிடம்கூடக் கேட்காத கைடின் பெயர் முதலில் நிற்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் ஆய்வு நெறிமுறை என்று பாடம் எடுப்பவர்கள் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

சரி, உங்கள் விஷயம். முடிந்தால் வேறு கவுன்சலர்களிடம் வருபவர்களைத் தேடுங்கள். வழியே இல்லை, நெறிமுறைக் குழுவும் அனுமதித்துவிட்டது என்றால், கேட்கிற ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. சிகிச்சையில் சம்பந்தமே இல்லாத ஒருவர் கேட்கட்டும். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுங்கள். சம்மதித்தது யார், மறுத்தது யார் என்பது அவர்களின் கவுன்சலிங் முடிகிறவரை உங்களுக்குத் தெரியவே வேண்டாம். பேட்டியையும் அதற்குப் பிறகே, அந்த வேறு ஆள் எடுக்கட்டும். எழுதியதை வெளியிடும்முன் அவர்களிடம் காட்டி, “இதை வைத்து உங்கள் வீட்டில் யாராவது உங்களைக் கண்டுபிடிப்பார்களா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால், எவ்வளவு அருமையான மேற்கோளாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

இப்படியெல்லாம் செய்தால் ஆள் குறையும் என்று கைடு சொல்வார். குறையட்டும். எண்ணிக்கையை நம்பாமல் பேட்டிகளை ஆழமாகப் பார்க்கும் பண்புசார் ஆய்வில் நான்கு பேரை வைத்தும் நல்ல ஆய்வேடு எழுதலாம். ஏன் நான்கே பேர் என்பதை ஆய்வுமுறை அத்தியாயத்தில் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.