எதிர்க்கடைக்காரர் தின்ற தூசி

அன்புள்ள ஐயா,
சென்ற மாதம் இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் போயிருந்தேன். ஸ்ட்ரோஸி மாளிகையின் முன் வாயடைத்து நின்றேன். அதை வடிவமைத்தவர் ஜூலியானோ த சங்கல்லோவா, பெனதெத்தோ த மயானோவா? அந்தக் கம்பீரமெல்லாம் இனி வருமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சங்கல்லோ செய்த மர மாதிரி இன்றும் இருக்கிறது. பெனதெத்தோவின் பெயரைச் சொன்னவர் வசாரி, கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிவைத்தவர். உள்முற்றமும் உச்சியில் துருத்தி நிற்கும் கார்னிஸ் என்ற கல் விளிம்பும் குரோனக்கா என்ற இன்னொரு கட்டடக்கலைஞரின் வேலை. இந்தச் சண்டையில் எனக்கு நாட்டமில்லை.

உங்கள் கடைசி வரிதான் என்னை உறங்கவிடவில்லை. கம்பீரமா? சில வாரங்களாக லூக்கா லாந்துச்சியின் நாட்குறிப்போடுதான் இருக்கிறேன். மருந்துக்கடைக்காரர். கடை அந்த மனைக்கு எதிரில். 1489 கோடையில், மாளிகையைக் கட்டத் தொடங்கிய ஃபிலிப்போ ஸ்ட்ரோஸி அங்கிருந்த பழைய வீடுகளை இடிக்கிறார். தெருவெல்லாம் கல்லும் குப்பையும். இடிபாட்டைச் சுமந்து போகவும் சரளை கொண்டுவரவும் கழுதைகள், கோவேறு கழுதைகள். நடக்க வழியில்லை. தூசியும் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் கடைக்காரர்களை ஓயாமல் வதைப்பதாக எழுதிவைக்கிறார். முதல் கல்லுக்கு மட்டும் சோதிடரிடம் நேரம் கேட்டார்கள்: ஆகஸ்ட் 6. எதிர்க்கடைக்காரரிடம் யார் என்ன கேட்டார்கள்?

ஃபிலிப்போ 1491இல் இறந்துபோனார். லாந்துச்சி 1516இல். கட்டடம் முடிந்தது 1538இல். அதே ஆண்டு ஃப்ளாரன்ஸை ஆண்ட கோமகன் முதலாம் கோசிமோ த மெதிச்சி அதைப் பறித்துக்கொண்டார். தூசியைத் தின்றவர் முடிந்த வீட்டைப் பார்க்கவே இல்லை, தம்பி. மாளிகைகளின் வரலாற்றைக் கட்டியவன் வீட்டுக் கணக்கேட்டிலிருந்தே எழுதுகிறோம். எதிர்ச்சாரியிலிருந்தும் எழுத வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

அடிச்சுவரை ஒட்டி ஒரு கல் திண்ணை ஓடுகிறதே, அதில் உட்கார்ந்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அண்ணாந்து பார்த்தே திரும்பியிருக்கிறீர்கள். நான் போனபோது கால் வீங்கியிருந்தது. ஒரு மூதாட்டி தன் காய்கறிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டார். பேச மொழியில்லை. அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கல் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த மாளிகையில் எனக்கு நெருக்கமானது அந்த ஒரு முழ அகலம்தான்.

உங்களைக் கடிந்துகொண்டது பிரியத்தினால்தான். இவ்வளவு தூரம் போய் ஒரு கட்டடத்தின் முன் நிற்கிற மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அடுத்த முறை அந்தத் திண்ணையில் உட்காருங்கள். முதுகைச் சுவரில் சாய்த்து எதிரே பாருங்கள். லாந்துச்சியின் கடை அந்தப் பக்கம்தான் இருந்தது.

அன்புடன்.