கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: ஒருமுறை பார்த்தால் எத்தனை வருஷம் தாங்கும்?

கே: வயது 36. ஹெச்.பி.வி. (இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனையில் நெகட்டிவ். இனி வருஷா வருஷம் எடுக்கணுமா?

ப: வேண்டாம். ஐந்து வருஷம் கழித்துப் போதும். பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயில் தடவி எடுத்த செல்களைப் பார்ப்பது) மட்டும் என்றால் மூன்று. இடையில் ரத்தக்கசிவு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் தேதி பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

கே: ஒரே ஒரு தடவை பார்த்து என்ன ஆகப்போகிறது?

ப: நிறைய. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரே முறை ஹெச்.பி.வி. பரிசோதனை செய்து எட்டு வருஷம் கவனித்தார்கள். பரிசோதனை இல்லாத பிரிவைவிட இந்தப் புற்றால் சாவு கிட்டத்தட்ட பாதி. நம் திண்டுக்கல்லில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ., அதுவும் ஒரே முறை. ஏழு வருஷத்தில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உஸ்மானாபாத்தில் இன்னொரு பிரிவுக்குச் செய்த வி.ஐ.ஏ.வுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பார்ப்பவரின் கண் பழகியிருக்க வேண்டும்.

கே: முகாமில் பாசிட்டிவ் என்றார்கள். ஆறு மாதமாகிறது. வலி எதுவும் இல்லாததால், மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருக்கிறேன்.

ப: வலி வரும்வரை காத்திருக்கவா அம்மா பரிசோதனை செய்துகொண்டீர்கள்? ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டி வைத்தால் நோய் நிற்காது. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபியில் பலருக்கு ஒன்றும் இருக்காது. மாற்றம் தெரிந்தாலும் புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகலாம். பெரும்பாலும் சில நிமிஷம் சூடு வைத்தே சரிசெய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும் முன் இதை முடியுங்கள்.

முகாம் நடத்துபவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மேடையில் ‘500 பேருக்குப் பரிசோதனை’ என்று பேனர். பதிவேட்டைப் புரட்டினால் ‘மறுவருகை’ என்ற கடைசிக் கட்டம் காலி. பாசிட்டிவ் ஆனவரைத் திரும்பக் கூட்டிவராத முகாம் யாரையும் காப்பாற்றுவதில்லை. திண்டுக்கல்லில் தகுந்தவர்களுக்கு அங்கேயே, அப்போதே நர்ஸ்களே உறைய வைக்கும் சிகிச்சையைச் செய்தார்கள். பலன் அதில்தான் வந்தது.

கே: கர்ப்பப்பையை எடுத்தாச்சு. எனக்குத் தேவையா?

ப: எதற்காக எடுத்தார்கள், கர்ப்பப்பை வாயோடு சேர்த்தா, எதையும் எழுதாமல் நான் எப்படிச் சொல்வது? டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். வாய்ப்பகுதி இருந்தால் தேவை. முழுதும் எடுத்து, முன்பு புற்று சம்பந்தமான மாற்றமும் இல்லை என்றால் வேண்டாம்.

கே: மகள் தடுப்பூசி போட்டுக்கொண்டாள்.

ப: நல்லது. 30 வயதில் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். எல்லா வகை வைரஸுக்கும் ஊசி காவல் இல்லை.

கே: 52 வயது, மாதவிலக்கு நின்றுவிட்டது. இனி எதற்கு?

ப: 65 வரை வேண்டும். நின்ற பிறகு வி.ஐ.ஏ. சரிவராது, பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடும், ஹெச்.பி.வி. கேளுங்கள். சொட்டு ரத்தம் பட்டாலும், மறுபடி சொல்கிறேன், நேரே டாக்டர்.