விளம்பரத்தில் மனம் போன வர்த்தக மாணவர்களுக்கு: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வர்த்தகமும் முகாமைத்துவமும் படிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (வந்தாறுமூலை, மூன்றாம் வருடம்): அக்கா, கணக்கியல் எடுக்கத்தான் கம்பஸ் வந்தன். சந்தைப்படுத்தல் பாடத்துக்கு ஒரு விளம்பரம் செய்யச் சொன்னாங்க. அதுக்குப் பிறகு வேறொண்டிலயும் மனம் போகுதில்ல. ஆனா எனக்கு வரையவே தெரியாது. சரிவருமா?

பதில்: வரையத் தெரியாதது தடையில்லை, தங்கச்சி. விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுபவர், வடிவமைப்பவர், வாடிக்கையாளரோடு பேசுபவர், எந்த ஊடகத்தில் எவ்வளவு செலவிடுவதெனத் திட்டமிடுபவர் என வேலைகள் பிரிந்திருக்கும். கடைசி வேலைக்குக் கணக்கு தெரிந்தவர்தான் வேண்டும். இப்போதே தொடங்க, தெரிந்த கடையொன்றைப் பிடித்து ஒரு பக்கத்தில் நாலு விடயம் எழுதுங்கள்: யார் வாங்கவேண்டும், அவர் இப்போது எங்கே வாங்குகிறார், ஏன் மாறவேண்டும், அதை அவர் நம்ப என்ன ஆதாரம். பிறகு அந்தக் கடைக்கு 20 வாசகம் எழுதுங்கள். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் வருவது, கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடலாம்.

கேள்வி (செங்கலடி): அம்மா எருமைத் தயிர் போடுறவ. "சுவையான, தரமான தயிர்" எண்டு போட்டும் ஆரும் கணக்கெடுக்கல்ல.

பதில்: பக்கத்துக் கடைக்காரரும் அதையேதான் எழுதியிருப்பார். வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கக் கூடியதைத் தேடுங்கள். மண்சட்டி நுண்துளை உள்ளது. தயிரின் நீரைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். அதனால்தான் சட்டித் தயிர் இறுகி நிற்கிறது. சட்டியைக் கவிழ்த்துக் காட்டினால் எட்டு விநாடிக் காணொளி போதும், தயிர் விழாது. கவிழ்ப்பதை முதல் இரண்டு விநாடிக்குள் காட்டுங்கள், அம்மாவின் கை தெரியட்டும். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும். நேரே மேலிருந்து விழுந்தால் தயிர் வெறும் வெள்ளைத் தட்டையாகிவிடும். கரண்டி போட்ட தயிரில் சற்று நேரத்தில் தண்ணீர் கட்டும், ஆகவே அள்ளும் காட்சியை அள்ளியவுடனேயே எடுத்துவிடுங்கள். படம் நிமிர்ந்த வாக்கில் 1080க்கு 1920 பிக்சல். கீழே ஐந்தில் ஒரு பங்கில் எழுத்து வைக்கவேண்டாம், அந்த இடத்தைச் செயலியில் வரும் உங்கள் கணக்கின் பெயரும் பொத்தான்களும் மறைக்கும். கடைகளுக்குக் கொடுப்பதென்றால் லேபலில் நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை, முகவரி இருக்கவேண்டும். "நோய் தீர்க்கும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி (மருதமுனை): மிஸ், எங்கட கைத்தறிச் சாறிக்குப் பெருநாளைக்கு 20 வீதம் விலைக்கழிவு போடலாமா?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். சாறி 5,000 ரூபா, அடக்கம் 3,500 என்று வையுங்கள். இலாபம் 1,500. 20 வீதம் கழித்தால் விற்பது 4,000க்கு, இலாபம் 500. பழைய இலாபத்தையே எடுக்க மூன்று மடங்கு விற்கவேண்டும். தறி மூன்று மடங்கு நெய்யுமா? கையால் நெய்யும் பொருளுக்கு விலைக்கழிவு பெரும்பாலும் பிழையான மருந்து. பெருநாளுக்கு ஆறு வாரம் முன்னமே நிறம், கரை எல்லாவற்றையும் வாடிக்கையாளர் தெரிவுசெய்து அரைவாசிப் பணம் முற்பணமாகக் கட்டும் முறை வையுங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையோடு நிறுத்திவிடுங்கள். நூல் வாங்கக் கைக்காசு தேடவேண்டியதுமில்லை.

கேள்வி (கல்முனை): தமிழ் எழுத்து பெனரில உடைஞ்சு வருது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஏன்?

பதில்: இதில்தான் நிறையப் பேர் காசு விடுகிறார்கள். நம் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி என்ற எழுத்துரு ஓடுகிறது. அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். போனில் நீங்கள் அடிப்பது யுனிகோட், எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. அதில் "கெ" என்ற எழுத்தில் க முதலில் சேமிக்கப்படும், கொம்பை முன்னால் இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத அமைப்பில் உடையும். பழைய போட்டோஷாப் என்றால் எழுத்து அமைப்புகளில் "வேர்ல்ட் ரெடி" தெரிவை இயக்கி, மென்பொருளை மூடித் திறவுங்கள். இன்டிசைன் என்றால் பந்தி அமைப்பில் அதே பெயருள்ள கம்போசர். அச்சுக்குக் கொடுக்கமுன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றிப் பிடிஎஃப் கொடுங்கள். மாற்றியபின் எழுத்துப்பிழை திருத்தமுடியாது, அதனால் திருத்தக்கூடிய பிரதி ஒன்று தனியே இருக்கட்டும். நோட்டீஸ் என்றால் பின்னணி நிறத்தை நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் மிகுதியாக நீட்டி விடுங்கள். விடாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு வரும்.

எழுத்தின் அளவும் கேளுங்கள்: சுகமாக வாசிக்க 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். கல்லடி வீதியில் 100 அடி தூரத்திலிருந்து வாகனத்தில் வருபவருக்கு 10 அங்குலம். 3 அடி உயரப் பெனரில் இரண்டு வரிக்கு மேல் கொள்ளாது. மேலே "கி", கீழே "மூ" என்று தமிழுக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும்.

கேள்வி (காத்தான்குடி): 5,000 ரூபாவுக்கு பேஸ்புக்கில பூஸ்ட் போட்டன். லைக் வந்திச்சு, ஆள் வரல்ல.

பதில்: லைக் வரவேண்டுமென்று கேட்டிருப்பீர்கள், அது லைக் போடுகிறவர்களைத் தேடித் தந்திருக்கும். அடுத்தமுறை நோக்கத்தில் "மெசேஜ்" தெரிவுசெய்யுங்கள். ஊர்ப் பெயரைப் போடாமல் வரைபடத்தில் கடைமேல் ஊசி குத்திச் சுற்றளவைச் சுருக்குங்கள். இரண்டு விளம்பரம் போடுங்கள், படம் மட்டும் வேறு, வாசகம் ஒன்று. இரண்டையும் மாற்றினால் எது வேலைசெய்தது என்று தெரியாது. வருகிறவரிடம் "எங்க பாத்தீங்க?" என்று கேட்டுக் கொப்பியில் குறியுங்கள். 10 பேர் வாங்கினால் ஆளுக்கு 500 ரூபா செலவு; ஒரு விற்பனையின் இலாபம் அதற்குக் குறைவென்றால் நிறுத்துங்கள். விளம்பரக் கணக்கின் நாணயத்தைப் பிறகு மாற்ற வேறு கணக்குத் திறக்கவேண்டி வரும், தொடக்கத்திலேயே பார்த்துப் போடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): எந்த மாதம் விளம்பரம் போடுற நல்லம்?

பதில்: வயல் ஊர் என்றால் பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புரளும் நேரம். அறுகம்பையில் உல்லாசப் பயணிகளுக்கு விற்பதென்றால் ஆனி, ஆடி. மழைக் காலத்தில் கடைக்கு வரச்சொல்லும் விளம்பரம் வீண்.

கேள்வி (ஒலுவில்): வேலைக்குக் காட்ட என்ன வச்சிருக்க வேணும்?

பதில்: மூன்று வேலை போதும், தம்பி. ஒவ்வொன்றிலும் பிரச்சினை, எண்ணம், செய்தது, கிடைத்த பலன். உண்மையில் வெளிவராததற்குப் "பயிற்சி" என்று போட்டுவிடுங்கள். பாடநெறி தேடினால் 1970இல் தொடங்கிய இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகத்தில் இருக்கிறது. கொழும்பில் வரும் தமிழ் விளம்பரங்களில் கணிசமானவை சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ பெயர்த்தவை, வாசித்த உடனேயே தெரியும். அப்படி ஒன்றை எடுத்து, அதே பொருளுக்கு உங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் எழுதி, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு தாளில் காட்டுங்கள்.