தலையாட்டலீன்னா பைத்தியமா?

கேள்வி: 'நெறைய பைத்தியக்காரத்தனம் தெய்வீகமான புத்தி'ன்னு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் எழுதின கவிதை, பைத்தியத்துக்குப் பாடின புகழ்ப்பாட்டு தானே? 'ஊருடன் கூடி வாழ்'னு ஔவை சொன்னதுக்கு நேர் எதிரா இருக்குது. கடைசியில வர்ற சங்கிலி மட்டும் அழகான உவமை.
- ஒரு வாசகர், கோபி

பதில்: புகழ்ப்பாட்டு இல்லீங்க. எட்டே வரி, அதுல மொத வார்த்தையவே தாண்டிப் போயிட்டீங்க. 'எல்லா'ன்னு சொல்லல, 'நெறைய'ன்னு தான் சொல்றாங்க, அதுவும் கூர்ந்து பாக்கற கண்ணுக்குத் தான் அது புத்தியா தெரியும்னு கண்டிசன் போட்டு, அடுத்தாப்ல நெறைய புத்தியும் சுத்தப் பைத்தியக்காரத்தனம்னு திருப்பிப் போட்டுட்டு, எது எதுன்னு முடிவு பண்றது பெரும்பான்மைங்கறாங்க. கவிதையோட உசுரே அங்க தான் இருக்குது. ஒத்துக்கிட்டா தெளிவு, மறுத்தா ஆபத்தானவ, சங்கிலி போட்டுருவாங்கங்கறது தான் கடைசி வரி. மறுக்கறதுக்கு அவங்க போட்ட 'demur'ங்கற இங்கிலீஷ் சொல்லும் சண்டை போடறதில்லீங்க, லேசா தயங்கி நிக்கறது. அதுக்கே சங்கிலி.

டிக்கின்சனும் அப்படித் தயங்கி நின்னவங்க தான். அவங்க வீட்ல அப்பா, அம்மா, அண்ணன், தங்கச்சின்னு எல்லாரும் முறைப்படி சர்ச்சுல சேர்ந்தாங்க, இவங்க மட்டும் 1886ல சாகற வரைக்கும் சேரவே இல்ல.

ஔவை கூடி வாழத்தான் சொன்னாங்க, எல்லாத்துக்கும் தலையாட்டச் சொல்லலையே. எங்க பெரியப்பா ஒருத்தர் காட்ட ரெண்டு பொண்ணுகளுக்கும் பையனுக்கும் சமமா பிரிக்கறேன்னாரு. மஞ்சள் மண்டி பில்லுக்குப் பின்னால பென்சில்ல கோடு போட்டு, கெணறு பொது, மோட்டாருக்கு முறை வெச்சுக்கங்கன்னு எழுதியிருந்தாரு, நானே பாத்தேன். இத்தன கணக்கா எழுதினவர, மூளை பெசகிருச்சுன்னு சர்டிபிகேட் வாங்க ஒரம்பரையெல்லாம் சேர்ந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் தேதி, கெழமை, பேரன் பேரெல்லாம் கேட்டுட்டு நல்லாத்தான் இருக்காருன்னு அனுப்பிட்டாரு, ஆனா ஊருக்குள்ள அந்தப் பேரு கடைசி வரைக்கும் போகல.

அதுக்காக நெஜமாவே மனநோய்ல தவிக்கறவங்கள தெய்வீகம்னு சொல்லி வைத்தியம் பாக்காம விட்டுடாதீங்க, கவிதை அதச் சொல்லல.

சங்கிலிய மட்டும் உவமைன்னு என்னால விட முடியலீங்க. 2001 ஆகஸ்ட் 6 அன்னிக்கு ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில மனநோயாளிங்கள வெச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சப்ப, சங்கிலியில கட்டிப்போட்டிருந்தவங்களால ஓட முடியல, 28 பேரு செத்தாங்க. மனநோயாளிய எந்த விதத்துலயும் சங்கிலியில கட்டக்கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துல தனியா ஒரு உட்பிரிவே எழுத வேண்டியிருந்துச்சு. அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா படிச்சுட்டு எழுதுங்க.