சாம்பாரில் கலக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் கணவர் லாரி டிரைவர். பல வருடங்களாகத் தினமும் குவார்ட்டர். லோடு இல்லாத நாளில் ஆஃப். காலையில் கை நடுங்குகிறது. குடியை நிறுத்தும் பவுடர் என்று நாத்தனார் ஒரு பொட்டலம் வாங்கித் தந்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கச் சொல்கிறார். கலக்கலாமா? இல்லை, நாலு நாள் வீட்டில் பூட்டி வைத்தால் விட்டுவிடுவாரா?
- பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: வேண்டாம்மா, இரண்டுமே வேண்டாம்.

இந்த மாதிரிப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வரும் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். மேலே பெயரும் இருக்காது, அளவும் இருக்காது. உள்ளே இருப்பது டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்ததாக இருக்கலாம். ரப்பர் ஆலைகளில் பயன்பட்ட ரசாயனம் அது. குடிநோய்க்கு மருந்தாகும் என்று 1940களில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். குடித்த மது உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், அப்புறம் அது சிதைந்துவிடும். இந்த மருந்து அப்படிச் சிதைய விடாது. அதனால் மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரசரவென இறங்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். மருந்தை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. உங்கள் வீட்டுக்காரர் கையில் ஸ்டியரிங் வேறு இருக்கிறது. ஏன் மயக்கம் வருகிறது என்று அவருக்கும் தெரியாது, தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் தெரியாது.

பூட்டி வைப்பது இதைவிட மோசம். காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டதன் அடையாளம் அது. இப்படிப்பட்டவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள். போக வேண்டியது மருத்துவமனைக்கு, அதுவும் உடனே. பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்புவதும் ஆபத்துதான். முதலில் வைட்டமின் பி1 ஊசி போடாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். போதையில் இருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள். போதை தெளிந்த ஒரு காலை நேரத்தில், “கை நடுங்குதே, ஒரு தடவை காட்டிட்டு வரலாமா?” என்று மட்டும் கேளுங்கள். குடிகாரன் என்ற சொல் வாயில் வரக்கூடாது. முதல் தடவை ‘சரி’ என்பவர் குறைவு. இன்னொரு நாள் திரும்பக் கேளுங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம், பார்ப்பார்கள்.

அங்கேயும் சிலருக்கு இதே டைசல்ஃபிரம் தருவதுண்டு. ஆனால் கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்து, அவரிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான்.

போகும்போது அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே ஒரு சிட்டிகை கலந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டார்.