நோயென்று சொன்னால் ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: ஐயா, எனக்குச் சர்க்கரை நோய். "அதை வாயால் சொல்லாதீர்கள், சொன்னால் ஒட்டிக்கொள்ளும், மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கிறது" என்கிறார்கள் ஜெபக்குழுவில். அதனால் எனக்காக ஜெபிக்கும்படிகூட யாரையும் கேட்பதில்லை. இதற்கிடையில், மதிப்பெண் குறைந்ததற்காக என் மகனை "நீ உருப்படவே மாட்டாய்" என்று திட்டிவிட்டேன், அது பலித்துவிடுமோ? வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். தன்னோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறது, இன்னொரு உடன் ஊழியனான துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். ஆசியாவில் பட்ட பாட்டில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று தன்னைப் பற்றியும் எழுதுகிறார், அதற்காக யாரும் அவரை விசுவாசமில்லாதவர் என்று சொல்லவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரே தம் துக்கத்தைச் சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னாரே!

"என் செவிகள் கேட்கச் சொன்னபிரகாரம் உங்களுக்குச் செய்வேன்" என்ற எண்ணாகமம் 14:28-ஐயும் உங்களிடம் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். அங்கே இஸ்ரவேல் ஜனங்கள் தேவனை நம்பாமல், வேறொரு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்கே திரும்பலாம் என்று கலகம் செய்கிறார்கள், அதற்குத்தான் அந்தத் தீர்ப்பு. மருத்துவர் சொன்னதை நாலு பேரிடம் சொல்கிறவருக்கு அல்ல. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக என்கிறார் யாக்கோபு. நோயையே வெளியே சொல்லாதவர் யாரை, எதற்கென்று வரவழைப்பார்? அதனால் அடுத்த ஜெபக்கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

சரி, மகன் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். நீதிமொழிகள் 18-ஆம் அதிகாரம் பெரும்பாலும் கோள் சொல்வது, முழுதும் கேட்காமல் பதில் சொல்வது, வழக்கு, சண்டை என்று மனிதர் மனிதரோடு பேசும் பேச்சாகவே போகிறது. ஜெபக்குழுவில் உங்களுக்குச் சொன்ன, நாவின் அதிகாரம் பற்றிய 21-ஆம் வசனம் அதற்கு நடுவில்தான் வருகிறது. நாம் பேசுவது கேட்கிறவர் மனதில் போய் வேலை செய்கிறது. நீங்கள் சொன்னது மந்திரம் போலப் பலிக்காது, ஆனால் அம்மாவே சொல்லிவிட்டாள் என்று அவன் அதை நம்பிவிடலாம், நம்பினால் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராது. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 சொல்வது இதைத்தான்.

தனியறையில் "அந்த வார்த்தையை ரத்து செய்கிறேன்" என்று ஜெபித்துவிட்டு இருந்துவிடாதீர்கள், அது அவன் காதில் விழாது. இன்றைக்கே அவனிடம் போய், நான் சொன்னது தப்பு, உன்னைப் பற்றி நான் அப்படி நினைக்கவில்லை, என்னை மன்னித்துவிடு என்று கேளுங்கள். "ஆனாலும் நீ படிக்காததால்தானே" என்று வால் சேர்க்க வேண்டாம், மதிப்பெண்ணை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். அவன் உடனே முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். கோபங்கொண்ட சகோதரனை வசப்படுத்துவது அரணான பட்டணத்தைப் பிடிப்பதைவிட அரிது என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது, மகனுக்கும் அது பொருந்தும். ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிடாதீர்கள், அப்புறம் வரும் நாட்களில் அவன் செய்கிற நல்லதைக் கண்டால் அதையும் அவனிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள்.