மேம்பாலத்தை அகலப்படுத்தினால் நெரிசல் குறையுமா?

கேள்வி: கிண்டியிலிருந்து வடபழனிக்கு தினமும் கத்திப்பாரா வழியாகக் காரில் போகிறேன். மாலை நேரத்தில் மேம்பாலத்தில் ஊர்ந்துதான் போக முடிகிறது. பாலத்தை அகலப்படுத்தக் கோரி எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் மனு கொடுக்கவிருக்கிறது. அது பலன் தருமா?

பதில்: மனு எழுதுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள். வாகன வரிசையின் வால் அல்ல, தலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் சிக்கி நிற்கும் இடத்தில் பெரும்பாலும் எந்தக் கோளாறும் இருக்காது. அரை கிலோமீட்டர் முன்னால், சட்டென்று எல்லோரும் வேகம் எடுக்கும் இடம் ஒன்று இருக்கும். அந்த இடத்தை எட்டுவதற்குச் சற்று முன்புதான் அடைப்பு.

தடையின்றி ஓடும் ஒரு தடத்தில் இரண்டு விநாடிக்கு ஒன்று வீதம் மணிக்கு ஏறத்தாழ 1,800 கார்கள் போகலாம். அதே தடத்தில் சிக்னல் வைத்து மூன்றில் ஒரு பங்கு நேரம் பச்சை விளக்கு கொடுத்தால் 600தான் போகும். 2008இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா போன்ற பாலங்களைக் கட்டுவதே இந்த வித்தியாசத்துக்காகத்தான். ஆனால் பாலம் கொண்டுவந்து கொட்டும் வாகனங்கள் அடுத்த சிக்னலில் மூன்றில் ஒரு பங்காகத்தான் கழியும் என்றால், மீதி பாலத்தின் மீதே தேங்கும். வரிசையின் தலை அந்த சிக்னலில் இருந்தால், பாலத்தை அகலப்படுத்துவது புனலின் வாயை மட்டும் பெரிதாக்குவது போலத்தான்.

தலை பாலத்திலேயே இருந்தால், முதலில் நான் சந்தேகப்படுவது 'பின்னல்' பகுதியை, அதாவது சேரும் வாகனங்களும் பிரியும் வாகனங்களும் குறுக்கிடும் இடத்தை. கத்திப்பாரா போல நான்கு இதழ் கொண்ட குளோவர் இலை வடிவப் பாலத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர், குறுக்குச் சாலையைத் தாண்டி, இடப்பக்க வளைவில் முக்கால் வட்டம் சுற்றி வருகிறார். ஒரு வளைவிலிருந்து வெளியே வருபவர் வலப்பக்கம் நகர்ந்து பிரதான சாலையில் சேரப் பார்ப்பார். அடுத்த வளைவில் நுழைய வேண்டியவர் இடப்பக்கம் ஒதுங்கப் பார்ப்பார். இருவரும் ஒருவர் பாதையை ஒருவர் கடப்பது, இரண்டு வளைவுகளுக்கும் இடையிலுள்ள அதே குறுகிய துண்டில். வாகனம் குறைவாக இருந்தால் யாருக்கும் இது தெரியாது. கூடும்போது ஒருவர் பிரேக்கில் கால் வைத்தாலும் பின்னால் நீண்ட வரிசை நின்றுவிடும். இந்த வடிவத்தின் பிறவிக் குறை இது. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், உட்பிரிட்ஜில் திறக்கப்பட்ட அந்நாட்டின் முதல் குளோவர் இலைச் சந்திப்பையே பின்னாளில் மாற்றி அமைத்துவிட்டார்கள்.

இதற்கு மருந்து உண்டு. வளைவுகளில் சேர்பவர்களையும் பிரிபவர்களையும் பிரதான சாலையிலிருந்து தடுப்பு வைத்துப் பிரித்து, பக்கத்தில் தனி இணைப்புத் தடம் கொடுக்கலாம். பின்னல் அங்கேயும் நடக்கும், ஆனால் மெதுவாகப் போகும் வாகனங்களுக்குள். நேராகப் போகிறவர்களைத் தொடாது. நெரிசல் மிகுந்த ஒரே திசைக்கு நேரடி ஏறுபாதை கட்டி, அதற்குரிய வளைவை மூடிவிடுவது இன்னொரு வழி. செலவும் நிலத் தேவையும் அதிகம் என்பதால் இதைக் கடைசியில்தான் சொல்வேன்.

இதையெல்லாம் விட மலிவான காரணம் ஒன்றும் இருக்கலாம்: பாலம் இறங்கும் இடத்திலேயே பஸ் நிறுத்தம், பக்கத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்கள். இரண்டு தடங்களில் ஒன்று போய்விட்டால் பாதித் திறன் போயிற்று. நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி, உள்வாங்கிய இடத்தில் வைக்கப் பாலம் எதற்கு?

ஆகவே மனுவில் 'அகலப்படுத்துங்கள்' என்று எழுதாதீர்கள். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, மணிக்கு எத்தனை வாகனங்கள் திரும்புகின்றன என்ற கணக்கெடுப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதலில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். கணக்கெடுப்பே எடுக்கவில்லை என்று பதில் வந்தால், உங்கள் மனுவின் முதல் கோரிக்கை அதுவாக இருக்கட்டும்.